பிணத்தை எழுப்பும் மந்திரம் பிறவியிலேயே கெட்டதா? எங்கள் ஆட்டத்துக்கு மூன்று வழிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ரங்கூன் தாமுவேயில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் கரண்ட் போயிருந்தது. பாயில் ஐந்து பிள்ளைகள், நடுவில் இரண்டு மெழுகுவத்தி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பகடைகள். ஆளுக்கொரு கேரக்டராகிப் பகடை போட்டுக் கதைக்குள் ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம். கதை சொல்லி நடத்தும் மாஸ்டர் நான். கதைப்படி ஆற்றில் வெள்ளம், கோயில் மேட்டில் பத்துக் குழந்தைகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். படகு இருக்கிறது, துடுப்புப் போட ஆள் இல்லை. என் அக்கா மகள் ஆடுவது ஒரு மந்திரக்காரியை. கரையில் ஒதுங்கிக் கிடந்த மூன்று பிணங்களை நான் சும்மா வர்ணனைக்காகச் சொல்லியிருந்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இவங்கள எழுப்பித் துடுப்புப் போட வைக்கிறேன்."

பகடை நன்றாக விழுந்தது. பிணங்கள் எழுந்தன, படகு போனது, பத்துக் குழந்தைகளும் கரை சேர்ந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், பக்கத்து வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையனைத் தவிர. "அண்ணே, அந்த மூணு பேரோட அம்மாகிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றான்.

அவனுடைய தாத்தா போகலே என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவில் அடித்தபோது போனவர். இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேருக்கு அருகில் கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் அவர் காணாமல் போனவர். உடல் கிடைக்கவே இல்லை. பையன் அப்போது பிறக்கக்கூட இல்லை, ஆனால் அந்த வீட்டில் வளர்கிறவன்.

அன்றைக்கு ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் புதுக் கதை தொடங்குகிறோம். அதில் தடை செய்யப்பட்ட மந்திரத்துக்கு என்ன விதி என்று முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும். கையில் இருக்கும் வழிகள் மூன்று. மூன்றையும் பல கேம்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கின்றன.

முதல் வழி: மந்திரமே விஷம்

தடை செய்யப்பட்ட மந்திரம் தன் இயல்பிலேயே தீயது. என்ன எண்ணத்தோடு தொட்டாலும் தொட்டவன் கெடுவான். வார்ஹாமர் என்கிற கேம் உலகத்தில் 'தார்' என்று ஒரு கருமந்திரம் இப்படித்தான் வேலை செய்கிறது. 1981-இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹூ மேஜை ஆட்டத்தில் மந்திரம் போடுவதற்கே புத்தித் தெளிவில் கொஞ்சம் கொடுத்தாக வேண்டும். மந்திரம் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, உங்கள் கேரக்டர் உங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

பயமுறுத்தும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. ஒரு சாயங்காலத்தில் முடிகிற பேய்க்கதை நடத்துகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்தைத் திறப்பதா வேண்டாமா என்று நான்கு பேர் பத்து நிமிடம் தயங்கிக்கொண்டிருப்பது அழகான காட்சி. இந்த விதி இல்லாமல் அந்தத் தயக்கம் வராது.

ஆனால் மாதக்கணக்கில் போகிற கதைக்கு இது தாங்காது. காரணம், 'இயல்பிலேயே தீயது' என்கிற முத்திரையைக் குத்துவது யாரோ ஒருவர், அவர் கை தவறும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் சில மந்திரங்களுக்கு நேரடியாகத் 'தீயது' என்று முத்திரை உண்டு. பிணத்தை எழுப்பும் மந்திரத்துக்கு அது இருப்பதில் ஆச்சரியமில்லை. 'டெத்வாட்ச்' என்று ஒரு சின்ன மந்திரத்துக்கும் அதே முத்திரைதான். அது செய்வதெல்லாம் இவ்வளவுதான்: சுற்றி இருப்பவர்களில் யார் சாகும் தறுவாயில் இருக்கிறார்கள், யார் திடமாக இருக்கிறார்கள் என்று காட்டும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற நர்ஸுக்கு முதலில் தேவைப்படுகிற பார்வை அது. விதிப்படி நல்ல மார்க்கத்தில் நிற்கிற ஒரு பூசாரி அதைப் போடவே முடியாது!

காயம் ஆற்றும் மந்திரத்தின் கதை இன்னும் சுவாரசியம். 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நெக்ரோமான்சி, அதாவது சாவையும் உயிரையும் கையாளும் வித்தை. 2000-இல் அதை வரவழைக்கும் வித்தைக்கு மாற்றினார்கள். 2014-இல் ஆற்றலை ஏவும் வித்தை, 2024-இல் காக்கும் வித்தை. மந்திரம் செய்கிற வேலை மாறவில்லை, புண்ணில் கையை வைத்தால் புண் ஆறுகிறது. பெட்டிதான் மாறிக்கொண்டே இருக்கிறது. பெட்டியை வைத்து நன்மை தீமை சொன்னால் பதிப்புக்குப் பதிப்பு தர்மமும் மாறும்.

நம் பக்கத்துக் கதைகளையும் இந்த விதி விட்டுவைக்காது. மயிலாப்பூரில் பாம்பு கடித்து இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் குடத்தில் இருக்க, திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்புகிறார். சாத்தனூரில் இடையன் மூலன் செத்துக் கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு யோகி அவன் உடம்புக்குள் புகுந்து திருமூலர் ஆகிறார். கேம் மொழியில் சொன்னால் இரண்டும் அசல் நெக்ரோமான்சி. இவற்றைக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் 'பிணத்தோடு சம்பந்தப்பட்ட மந்திரம் எல்லாம் தீயது' என்று நான் எப்படி விதி எழுதுவது?

இரண்டாம் வழி: மந்திரம் வெறும் கத்தி, தடைதான் அரசியல்

மந்திரத்தில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பிடிக்கிற கைதான் எல்லாம். தடை போட்டவனுக்கு அதில் ஏதோ ஆதாயம் இருக்கும். இதுதான் இப்போது ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிடித்த வழி. பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் இதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

தமிழ் மாந்திரீகமே கிட்டத்தட்ட இப்படித்தான் வகைப்படுத்துகிறது. வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், வித்வேஷணம், பேதனம், மாரணம் என்று அஷ்ட கர்மம். சக்கரமும் உருவும் கொண்டு எட்டு விதமான வேலை. ஓடும் வெள்ளத்தை நிறுத்தினாலும் தம்பனம், ஓடும் ஆளின் காலை முடக்கினாலும் தம்பனம். பர்மியர்களிடமும் இதே பிரிவு இருக்கிறது. 'அத்தெக் லான்' என்றால் மேல்வழி, 'அவுக் லான்' என்றால் கீழ்வழி. இரண்டு வழி ஸயாக்களும், அதாவது குருமார்களும், கட்டம் போட்டு எழுத்தெழுதி வேலை செய்கிறவர்கள்தான். நோயைத் தீர்ப்பவர் மேல்வழி, ஏவி விடுபவர் கீழ்வழி. போ போ அவுங் என்கிற சித்தர் கதை இங்கே டீக்கடையில் உட்கார்ந்தால்கூடக் காதில் விழும். போதோபயா ராஜா அவரைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்கிறார். அவர் ராஜா முன்னால் 'வ' என்ற எழுத்தை, வெறும் ஒரு வட்டத்தை, எழுதி 'இதை அழியுங்கள்' என்கிறார். அழித்தால் இரண்டாகிறது, மறுபடி அழித்தால் இன்னும் பெருகுகிறது. என்னை விடுங்கள், என் எழுத்தையே உங்களால் அழிக்க முடியவில்லையே என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ராஜாவை அவர் ஒன்றும் செய்யவில்லை. அரண்மனைக்கு அவர் ஆபத்தானவர், ஊருக்கு இன்றைக்கும் பெரியவர்.

தடைக்குப் பின்னால் ஆள்கிறவர்கள் இருப்பார்கள் என்பதற்கு எங்கள் ஊரிலேயே பெயர்ப் பலகை இருக்கிறது. 1871-இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் இன்று நிற்பது அனோரதா சாலையில். அந்த அனோரதா பதினொன்றாம் நூற்றாண்டுப் பகான் ராஜா. அவர் 'நாட்' என்கிற காவல் தெய்வங்களின் வழிபாட்டை ஒழிக்கப் பார்த்தார், மக்கள் விடவில்லை என்பது ஐதீகம். கடைசியில் முப்பத்தாறு நாட் தெய்வங்களுக்கும் தலைவராகத் தஜா மின்னை, அதாவது நம் இந்திரனை, மேலே வைத்து முப்பத்தேழாக்கி, ஷ்வேசிகோன் பகோடா வளாகத்துக்குள்ளேயே இடம் கொடுத்தாராம். தடை, அப்புறம் சமாதானம், அப்புறம் அரசாங்க முத்திரை. அந்த முப்பத்தேழு பேரில் பலர் ராஜாக்கள் கையால் அநியாயமாகச் செத்தவர்கள். தகவுங் ராஜா எரித்துக் கொன்ற கொல்லன்தான் மகாகிரி நாட். பர்மிய வீடுகளில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் தொங்குவது அவருக்காக. மதுரைவீரனைத் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களைக் கும்பிடுவதை ஒரு ராஜா தடை செய்தால், அது தர்மத்துக்காகவா, சிம்மாசனத்துக்காகவா என்று கேட்காமல் இருக்க முடியாது.

கேம்களில் இந்தக் கேள்வியை நன்றாகக் கேட்டது 2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். அங்கே ரத்த மந்திரத்துக்குத் தடை. மந்திரக்காரர்களைச் சிறு வயதிலேயே கோபுரத்தில் அடைத்துவைத்து, டெம்ப்ளர் வீரர்கள் காவல் நிற்கிறார்கள். தடையின் பின்னால் பழைய டெவின்டர் பேரரசின் கொடுமைகள் உண்டு, ரத்த மந்திரத்தால் அடுத்தவன் மனதையே ஆட்டிவைக்கலாம் என்கிற நிஜமான ஆபத்தும் உண்டு. அதே சமயம், தடையைக் காரணம் காட்டி மனிதர்களின் உணர்ச்சியையே அறுத்து எடுத்துவிடும் வழக்கமும் உண்டு. நியாயமான பயமும் அதிகார வசதியும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

இந்த வழியில் என்னைத் தடுப்பது கத்தி என்கிற உவமைதான். கத்தியால் காய் நறுக்கலாம், சரி. எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம்களில் வரும் கருப்பு ஆன்மக் கல்லால் என்ன நறுக்குவது? அதில் ஒரு மனிதனின் ஆன்மாவைப் பிடித்து அடைத்து, பிறகு வாளுக்குச் சக்தி ஏற்றிக்கொள்ளலாம். அந்த வரிசையில் வந்த ஸ்கைரிமில் நானும் பள்ளிக்கூட நாட்களில் கொள்ளைக்காரர்களைக் கொன்று கல்லில் அடைத்து வாளைத் தீட்டிக்கொண்டே போனவன்தான். 2012-இல் வந்த டான்கார்ட் தொடர்ச்சியில் அந்த ஆன்மாக்கள் போய்ச் சேரும் இடத்துக்கே நம்மைக் கூட்டிப்போகிறார்கள். ஊதா நிற வானம், முடிவே இல்லாத சாம்பல் வெளி. அங்கே ஒருவன் தன் குதிரை அர்வாக்கைக் காணவில்லை, தேடித் தாருங்கள் என்று கெஞ்சுகிறான். அதற்கப்புறம் அந்தக் கல்லைத் தொட எனக்குக் கை வரவில்லை. நல்ல காரியத்துக்காகக் கருப்புக் கல்லைப் பயன்படுத்தினேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாள் யாரைக் காப்பாற்றினாலும் கல்லுக்குள் ஒருவன் இருக்கிறான்.

ஆகவே 'எல்லா மந்திரமும் கத்தி மாதிரிதான்' என்பதும் தவறு. சில மந்திரங்களின் செய்முறைக்குள்ளேயே ஒரு பலி இருக்கிறது.

மூன்றாம் வழி: விலை யார் தலையில்?

பையனின் கேள்வி இங்கேதான் கொண்டுவந்து விடுகிறது. மந்திரத்தின் பெயரைப் பார்க்காதே, போடுகிறவனின் எண்ணத்தை மட்டும் பார்க்காதே. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள், அவர்களிடம் கேட்டாயா என்று பார். தன் விலையைத் தானே கொடுத்தால் அது தியாகமாக இருக்கலாம், முட்டாள்தனமாகவும் இருக்கலாம், தீமை ஆகாது. கேட்காமல் அடுத்தவன் தலையில் கட்டினால் தீமை, அது சட்டம் அனுமதித்த மந்திரமாக இருந்தாலும் சரி.

1991-இல் வந்த, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் டார்க் சன் உலகத்தில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே மந்திரத்துக்கான சக்தி செடிகொடிகளிலிருந்து வருகிறது. அளந்து, பொறுமையாக எடுக்கிறவன் பாதுகாப்பவன். அவசரத்துக்கு உறிஞ்சுகிறவனின் காலடியில் புல் கருகி, மண் சாம்பலாகி, அடுத்த தலைமுறைக்கும் விளையாது. மந்திரம் ஒன்றுதான். ஒருவன் தன் நேரத்தைக் கொடுக்கிறான், மற்றவன் ஊராருடைய நிலத்தைக் கொடுக்கிறான். அந்த உலகம் முழுக்கப் பாலைவனமாகக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுப் பழங்கதை ஞாபகம் வரும். என் கொள்ளுத்தாத்தா டெல்டாவில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதியவர். கடன் கொடுத்ததில் சூது இல்லை, அந்தப் பணம் இல்லாமல் டெல்டாவின் காடு வயலாகியிருக்காது என்று அவர் சொல்வாராம். உண்மைதான். ஆனால் 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தது, வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த நிலம், 1937-க்குள் இருபத்தைந்து பங்காகிவிட்டது. அவர்களும் நிலத்தைத் தேடி வந்தவர்கள் இல்லை, பணம் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள். விலையை மட்டும் உழுதவன் கொடுத்தான். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தும், பாரம் போய் இறங்குகிற இடம் எழுதும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. மந்திரத்துக்கும் நான் இதையே காட்ட விரும்புகிறேன்.

டிராகன் ஏஜில் ரெட்கிளிஃப் கோட்டைக் கட்டத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் வேறாகத் தெரிகிறது. கானர் என்ற சிறுவனைப் பேய் பிடித்திருக்கிறது. அவனைக் கொன்றுவிடலாம். அல்லது அவன் தாய் இசோல்ட் தன் உயிரைக் கொடுக்க முன்வருகிறாள், அந்த ரத்தத்தைக் கொண்டு மந்திரக்காரன் ஒருவன் பேயின் உலகத்துக்கு வழி திறக்கலாம். விலையைக் கொடுப்பவள் தானாக வருகிறாள், அப்படியென்றால் இது சரியா? எங்கள் மேஜையில் இதை விவாதித்தபோது அக்கா மகள் ஒன்று சொன்னாள்: "பிள்ளையைக் கண்ணு முன்னாடி காட்டிட்டு அம்மாகிட்ட கேட்டா அது கேக்குறதா மாமா?" கேட்டால் மட்டும் போதாது, மறுக்கிற இடமும் அவளுக்கு இருக்க வேண்டும். அந்தக் கேம் மூன்றாவதாக ஒரு வழியும் வைத்திருக்கிறது. கோபுரத்து மந்திரக்காரர்களை அழைத்துவந்து, ரத்தத்துக்குப் பதில் லிரியம் என்ற தாதுவைக் கொண்டு அதே வழியைத் திறக்கலாம். அதே கதவு, அதே பயணம், யாரும் சாகவில்லை. ரத்த மந்திரத்தில் தவறு எது என்றால், கதவைத் திறந்தது இல்லை, எதைக் கொடுத்துத் திறந்தார்கள் என்பதுதான்.

2011-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மெரில் தன் ரத்தத்தை மட்டும்தான் சிந்துகிறாள், தன் குலத்தின் உடைந்த கண்ணாடியைச் சரிசெய்ய. விலை என்னுடையது, உங்களுக்கென்ன என்பது அவள் வாதம். ஆனால் அவளைக் காக்க நினைத்து அவளுடைய குருத்தாய் மாரெதாரி பேயைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு இறக்கிறாள். என் விலை என்னோடு போகும் என்று நினைப்பவர்கள், தன்மேல் பாசம் வைத்தவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திருமூலர் கதையிலும் இந்த இடம் உண்டு, நாம் வேகமாகத் தாண்டிவிடுவோம். மாடுகள் வீடு திரும்பியதும் மூலனின் மனைவி ஓடி வருகிறாள். புருஷன் உடம்பு எதிரே நிற்கிறது, ஆனால் அவர் 'உனக்கும் எனக்கும் உறவில்லை' என்று விலகிப் போகிறார். பசுக்களின் துக்கம் தீர்ந்தது. அவள் துக்கம் தீரவில்லை. அடியார்கள் சரித்திரம் அவளை மறைக்காமல் வாசலில் நிறுத்தியிருப்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எதிர்ப்பக்கத்தில், எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் 2006-இல் வந்த ஆப்லிவியனின் டிரேவன். மந்திரக்காரர் சங்கத்தின் தலைவர், நெக்ரோமான்சியைத் தடை செய்தவரே அவர்தான். கடைசியில் எதிரியிடமிருந்து நம்மைக் காக்க வேறு வழி இல்லாமல், தன் ஆன்மாவையே ஒரு பெரிய கருப்புக் கல்லில் அடைத்துக் கொடுத்துவிட்டுச் சாகிறார். தான் தடுத்த வித்தையின் விலையைத் தானே கட்டுகிறார். அந்தக் கட்டத்தில் நான் அழுதேன்.

இந்த வழியில் தொல்லை இல்லாமல் இல்லை. மாஸ்டருக்கு வேலை கூடும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் விலை எங்கே இறங்கியது என்று எழுதி வைக்க வேண்டும், மூன்று வாரம் கழித்து அதைக் கதையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆட்டம் மெதுவாகும். சண்டை மட்டும் வேண்டும் என்று வருகிற பிள்ளைகளுக்குச் சலிக்கும். தங்களுக்குள் பேசித் தீர்மானிக்கட்டும் என்று விதியே வைக்காமல் விடுவது நாலாவது வழி. அதைப் போன வருஷம் பார்த்தாயிற்று, சத்தமாகப் பேசுகிறவன் சொல்வதே விதியாகிவிடுகிறது.

நான் எடுத்த முடிவு மூன்றாம் வழி. அதோடு இரண்டு இணைப்பு. ஒன்று, அடுத்தவர் ஆன்மாவை அடைப்பது, அடுத்தவர் மனதை ஆட்டுவிப்பது இரண்டும் எங்கள் உலகத்தில் எப்போதும் தீமை. அவற்றில் கேட்பதற்கு இடமே இல்லை, கேட்டு முடித்தால் அந்த மந்திரமே தேவைப்படாது. இங்கே முதல் வழிக்காரர்கள் சொல்வது சரி. இரண்டு, ஒவ்வொரு தடைக்கும் கதையில் ஓர் ஆசாமி இருப்பார், எந்த ராஜா, எந்த வருஷம், எதைக் கண்டு பயந்து போட்டார் என்று. தேடிப்போனால் கிடைக்கும். சில தடை நியாயமாக இருக்கும், சில இருக்காது. இது இரண்டாம் வழிக்காரர்களிடம் வாங்கியது. பெரியவர்கள் மட்டும் ஆடுகிற மேஜை, அரசியல் கதைதான் வேண்டும் என்றால் இரண்டாம் வழியையே முழுசாக எடுத்துக்கொள்ளலாம்.

பிணத்தை எழுப்புவது? அது தடையிலும் இல்லை, அனுமதியிலும் இல்லை. செத்தவர் முன்பே சொல்லியிருந்தால் செய்யலாம், அல்லது வீட்டாரிடம் கேட்டுச் செய்யலாம். வெள்ளம் கழுத்துவரை வந்து கேட்க நேரமில்லை என்றால், செய்துவிட்டுப் போய்ச் சொல்லியாக வேண்டும்.

இந்த விதியைப் போன வாரம் வாசித்துக் காட்டினேன். புதுக் கதை தொடங்குமுன் பழைய கதையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றாள் அக்கா மகள். அவளுடைய மந்திரக்காரி அந்த மூன்று பேரின் வீட்டைத் தேடிப் போனாள். முதல் வீட்டில் யாரும் இல்லை. இரண்டாவது வீட்டில் ஒரு தாய், அவள் குரலில் நான் பேச வேண்டும். அவள் திட்டவில்லை. "எம் பிள்ளை நல்லாத் துடுப்புப் போட்டானா?" என்று மட்டும் கேட்டாள். அக்கா மகள் டப்பாவுக்குக் கையை நீட்டினாள். இதற்குப் பகடை கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். போகலே பையன் மெழுகுவத்தியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"போட்டாரும்மா. பத்துப் பிள்ளைங்களும் கரை சேந்துருச்சு. உங்ககிட்டக் கேக்காமப் பண்ணிட்டேன்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "மூணாவது வீட்டுக்கு அடுத்த வாரம் போறேன் மாமா."